பின்வாசல் இன்ஸ்பெக்டர்

அத்தியாயம் 11

கண்ணாடி வளையல்களை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சோப்பைக் குழைத்துத் தடவிப் பார்த்தார்கள், நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். இடது கை வீக்கத்தைத் தாண்டி அவை வருவதாக இல்லை. இசக்கிமணி அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்து, துணியைச் சுற்றி, இஞ்சி தட்டும் கல்லால் பைய ஒரு தட்டுத் தட்டினான்.

"புருசன் கண்ணு முன்னால இருக்கும்போதே வளையல உடைக்கியேலே," என்றாள் ஜெயசித்ரா.

"கையப் பாரும்மா. வளையல விடு."

கண் முன்னால்தான் இருந்தார் சுடலைக்கண்ணு. கூடத்து நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, நடப்பதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல டி.வி.யில் ஓடிய பெயின்ட் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டில் நடந்ததைப் போன வாரம் படித்துவிட்டு, கட்டியவளை லத்தியால் அடிக்கிற மனுஷனுக்குச் சோறு ஒரு கேடா என்று கொதித்தவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். தப்பு முழுக்க அவருடையது அல்ல. உத்தரவு போட்ட இன்ஸ்பெக்டருக்கும் அதில் பங்கு உண்டு.

அப்படி ஒரு இன்ஸ்பெக்டரே கிடையாது என்பது வேறு விஷயம்.

சுடலைக்கண்ணு போலீஸில் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்து ஒவ்வொன்றாக வழித்துக்கொண்டு போனபோது, ஒன்றே ஒன்றை மட்டும் அது தொடவில்லை. மனைவி சொன்னால் சாப்பிட மாட்டார். மகன் சொன்னால் குளிக்க மாட்டார். டாக்டர் சொன்னால் அவரையே குறுக்கு விசாரணை செய்வார். ஆனால் போனில் இன்ஸ்பெக்டர் அய்யா பேசினால் போதும். எழுந்து நின்று "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு, சொன்னதைச் செய்து முடிப்பார்.

அந்த இன்ஸ்பெக்டர் வேறு யாருமில்லை, பக்கத்துத் தெரு கடற்கரைதான். ஏட்டாக ஓய்வு பெற்றவர். சர்வீஸில் சுடலைக்கண்ணுவிடம் தினமும் திட்டு வாங்கியே உடம்பை வளர்த்தவர். முன்வாசல் வழியாக வந்தால் "ஏலே கடற்கரை, ஷூ என்ன இந்த லட்சணத்துல இருக்கு?" என்று இன்றைக்கும் வசவு விழும். வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே பின்வாசலுக்குப் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து போன் போடுவார். கூடத்தில் சுடலைக்கண்ணுவின் பட்டன் போன் அடிக்கும். "என்ன சுடலைக்கண்ணு, சாப்பிட்டாச்சா? இல்லையா? சாப்பிட்டுட்டு மாத்திரையப் போடும்," என்பார் கட்டைக் குரலில். மேலகரத்தில் அந்த வீட்டில் சோறு இறங்கியது இப்படித்தான்.

முந்தாநாள் சுடலைக்கண்ணு வீட்டை விட்டு இறங்கி மெயின் ரோட்டுக்கே போய்விட்டார். அதனால் நேற்று கடற்கரை உத்தரவில் ஒரு வரி கூட்டினார். "கேட்ட விட்டு நகரக் கூடாது. பத்திரமாப் பாத்துக்கிடணும்."

அவரை வீட்டோடு இருக்க வைக்கச் சொன்ன வார்த்தை அது. அவர் காதில் அது காவல் டூட்டியாக விழுந்தது. காய்கறிப் பையோடு திரும்பி வந்த ஜெயசித்ராவை கேட்டில் மறித்து "பாஸ் இருக்கா?" என்று கேட்டார். "நாந்தாங்க, வழிய விடுங்க," என்று அவள் கம்பிக் கதவில் கை வைத்தாள். லத்தி இறங்கியது.

அவ்வளவுதான் நடந்தது. லீவில் வந்திருந்த ராணுவக்கார மகன் இசக்கிமணி அதைக் கண்ணால் பார்த்தான். லத்தியைப் பிடுங்கிப் பரணில் போட்டான். அன்றைக்கே குற்றாலத்தில் ஓர் இல்லத்துக்குப் போன் செய்துவிட்டான். இன்று சாயங்காலம் அவனுக்குப் பொதிகை ரயிலில் டிக்கெட்.

"நான் போறதுக்குள்ள இத முடிச்சாகணும்மா," என்றான், வளையல் துண்டுகளை முறத்தில் கூட்டியபடி. "அடுத்த அடி உன் மண்டையில விழும். எனக்குப் போன் வரும். நான் அங்கருந்து வந்து சேர எத்தன நாள் ஆகும்னு யோசிச்சியா?"

ஜெயசித்ரா யோசித்தாள். யோசிக்காமல் என்ன? ராத்திரி எல்லாம் அவர் கதவு கதவாகப் போய்ப் பூட்டை ஆட்டிப் பார்க்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது, கடவுளே, இவரையாவது எடுத்துக்கொள், இல்லை என்னையாவது எடுத்துக்கொள் என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறாள். நினைத்த மறு நிமிஷம் எழுந்து போய் அவர் போர்வையைச் சரி செய்திருக்கிறாள். இரண்டும் ஒரே மனசுதான்.

கடற்கரையைக் காவலுக்கு வைத்துவிட்டுக் காலையில் தாயும் மகனும் கிளம்பினார்கள்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. சீசன் களை கட்டிவிட்டது. ரோட்டோரம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்து கிடந்தன. தலையில் எண்ணெய் வழிய, துண்டோடு ஆண்கள் கூட்டம் கூட்டமாக அருவிப் பக்கம் நடந்தார்கள். சந்தோஷமாக இருப்பதற்கென்றே ஊர் ஊராக ஜனங்கள் வருகிற இடத்துக்கு, தான் எதற்கு வந்திருக்கிறோம் என்று ஜெயசித்ரா நினைத்துக்கொண்டாள்.

இல்லம் ஐந்தருவி சாலையில் இருந்தது. முன்பு சீசனுக்கு அறை விடுகிற லாட்ஜாக இருந்த கட்டடம். நிர்வாகம் பார்க்கிற எப்சிபா நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். அறையைக் காட்டினாள். தரை பினாயில் போட்டுத் துடைத்திருந்தது. ஜன்னல் வழியாக ரோடும் கூட்டமும் தெரிந்தன. வெளித் தாழ்ப்பாளையும் மறைக்காமல் காட்டினாள்.

"ராத்திரி மட்டுந்தாம்மா வெளிய போடுவோம். விழுந்து கிழுந்து வச்சிட்டா யாரு பதில் சொல்ல?"

கட்டிலில் வெள்ளை விரிப்பு, சுருக்கம் இல்லாமல். ஜெயசித்ரா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரை அதில் படுக்க வைத்துப் பார்க்கத்தான் முயன்றாள். ஆனால் மனசு அவளைத்தான் அதில் படுக்க வைத்தது. இங்கேயே, இப்போதே படுத்து, கதவை யாராவது வெளியில் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

"யாரு சொன்னா கேப்பாவம்மா?" என்று கேட்டாள் எப்சிபா.

"இன்ஸ்பெக்டர் சொன்னா."

எப்சிபா சிரிக்கவில்லை. "சரி, நாங்களும் போன்ல சொல்லுதோம். இங்க ஒரு வாத்தியாருக்குத் தினமும் ஸ்கூல் மணி அடிக்கோம். பழகிரும்," என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. முதல் மாசம் நீங்க பாக்க வரக் கூடாது. உங்களப் பாத்தா வீட்டுக்குப் போகணும்னு நிப்பாவ."

"என்னய அவியளுக்குத் தெரியவே தெரியாதும்மா."

"அப்படித்தான் எல்லாரும் நினைக்காவ," என்றாள் எப்சிபா.

ஜெயசித்ரா சரி என்று தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. காரில் திரும்பும் வழியெல்லாம் இசக்கிமணி மட்டும் பேசிக்கொண்டு வந்தான். காரிலேயே கூட்டிப் போய்விடலாம், குற்றாலம் சீசன் பந்தோபஸ்து என்று கடற்கரை சித்தப்பா இன்ஸ்பெக்டராக ஒரு வார்த்தை சொன்னால் அப்பா குதித்துக்கொண்டு வருவார், வருஷா வருஷம் அவர் கேட்டு வாங்கிப் போன டூட்டிதானே, என்றான். அவன் திட்டத்தில் ஓட்டை இல்லை.

ஓட்டை கடற்கரையிடம் இருந்தது.

"செய்ய மாட்டேன்," என்றார் அவர். பின்வாசலில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். போன் பக்கத்தில் கிடந்தது.

"சித்தப்பா, ஒரே ஒரு போன்."

"நேத்தும் ஒரே ஒரு போன்தாம்லே போட்டேன். மதினி கையப் பாரு." கடற்கரையின் கண் கலங்கியிருந்தது. "சாப்பிடச் சொல்லுதேன். குளிக்கச் சொல்லுதேன். மாத்திரை போடச் சொல்லுதேன். காலம் பூரா சொல்லுதேன். அண்ணாச்சி கட்டுன வீட்ட விட்டு அவரப் போன்னு சொல்ல என் வாய் வராது. அவரு என்னய நம்பிக் கேக்காரு."

"உங்கள எங்க நம்புதாரு? இன்ஸ்பெக்டரத்தான நம்புதாரு."

"அந்த இன்ஸ்பெக்டர் நாந்தாம்லே!"

கத்திவிட்டு எழுந்து முன்பக்கமாகப் போனார். செருப்பை மாட்டும்போது சுடலைக்கண்ணு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, பெல்ட் தொங்குது பாரு." கைலி கட்டியிருந்த கடற்கரை இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "சரி அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். திரும்பிப் பார்க்கவில்லை.

இசக்கிமணி தானே பேசிப் பார்த்தான். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டான்.

"நான் இன்ஸ்பெக்டர் பேசுறேன்."

"எந்த ஸ்டேஷன்?" என்றார் அப்பா.

"தென்காசி."

"பேரு?"

ராணுவத்தில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவனுக்கு அந்த நேரத்தில் ஒரு பேர் வாயில் வரவில்லை. "பொய் போன் போடுதியோ? சைபர் கிரைம்ல பிடிச்சுக் குடுத்துருவேன், மூதி," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மறதி நோயாம்! சந்தேகப்படுவதை மட்டும் அவர் மறக்கவில்லை.

கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. மணி நாலு தாண்டியது.

"நானும் டிரைவரும் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருதோம்," என்றான்.

"தெருவே வேடிக்கை பாக்கவா? கையக் காலக் கட்டியா? ஊரு பயந்த மனுசனுலே அவரு."

"அப்ப நீ சொல்லு. என்னதான் செய்ய?"

ஜெயசித்ரா அடுப்படியில் நின்றிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு அப்படியே மூடிக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் சொல்லாததால் அவர் சாப்பிடவில்லை. மாத்திரையும் போடவில்லை. அது போடாவிட்டால் ராத்திரி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தட்டையும் மாத்திரையையும் பார்த்துவிட்டுத் தன் வீங்கிய கையையும் பார்த்தாள். பிறகு மகனிடம் போனைக் கேட்டு வாங்கினாள்.

"நீயாம்மா?"

"பொம்பள இன்ஸ்பெக்டர் இல்லையோ நாட்டுல?"

பின்வாசலுக்குப் போனாள். கடற்கரை உட்காருகிற கல்லில் உட்காரப் பிடிக்காமல் நின்றுகொண்டாள். போலீஸ்காரன் பெண்டாட்டியாக இருந்தவளுக்கு அதிகாரிகள் பேசுகிற விதம் தெரியாமலா இருக்கும்? அது கஷ்டமில்லை. கஷ்டம் வேறு. அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கல்யாணம் ஆன நாளில் இருந்து அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. கோயில் அர்ச்சனைக்குக் கூட மகனைத்தான் சொல்லச் சொல்லுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் மாத்திரைச் சீட்டை நீட்டுவாள்.

கூடத்தில் போன் அடித்தது.

"ஹலோ. யாரு?"

"சுடலைக்கண்ணுவா பேசுறது?"

சொல்லிவிட்டாள். நாக்கு கூசியது. தெரிந்துவிடும், இந்தக் குரலைத் தெரியாமல் இருக்குமா என்று பயந்தாள். தெரிந்துவிட வேண்டும் என்றுதான் உள்ளூர ஆசைப்பட்டாள். 'ஏட்டி சித்ரா, என்ன கூத்து இது?' என்று ஒரு அதட்டல் போட்டால் போதும், காரைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"புது இன்ஸ்பெக்டர் பேசுறேன்."

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. "வணக்கம்மா!" என்றார். போனிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது.

தெரியவில்லை. அப்பாடா என்றும் இருந்தது, அப்படியே செத்துவிடலாம் போலவும் இருந்தது.

"குற்றாலத்துல சீசன் பந்தோபஸ்து. கூட்டம் அதிகம். உங்களப் போட்டிருக்கு. வாசல்ல வண்டி நிக்குது, கிளம்புங்க."

"மெயின் அருவியா, அஞ்சருவியாம்மா?"

"அஞ்சருவி."

"நல்லதும்மா." குரலில் அப்படி ஒரு உற்சாகம். "அங்கன ஆம்பளையாளு பக்கம் பாறை வழுக்கும்மா. தண்ணி அடிச்சிட்டு வாரவனத்தான் முதல்ல பிடிக்கணும். எத்தன நாளைக்கும்மா?"

ஜெயசித்ரா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"மறு உத்தரவு வர்ற வரைக்கும்."

"சரிங்கம்மா."

முடிந்தது. இவ்வளவு சுலபமா! இசக்கிமணி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பெருமூச்சு விட்டு, கட்டி வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனான். அவள் போனைக் காதில் இருந்து எடுக்கப் போனாள்.

"அம்மா, ஒரு விசயம்."

"என்ன?"

"எப்படிச் சொல்லன்னு தெரியல." சுடலைக்கண்ணு குரலைத் தாழ்த்தினார். வீட்டில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது. "எங்க வீட்ல என் சம்சாரத்த எவனோ அடிச்சிருக்காம்மா."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"லத்தி அடிதாம்மா. நமக்குத் தெரியாதா? கை வீங்கிக் கெடக்கு. காலையில வளையல் பூரா உடைச்சுப் போட்டிருந்துச்சு. எவன் அடிச்சான்னு வாயத் தொறக்க மாட்டேங்கா. பயந்து போயிருக்கா. அவ யாரு வம்புக்கும் போகாதவம்மா. அவளப் போயி அடிச்சிருக்கான்."

ஜெயசித்ரா பிடிக்காத அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். காலையில் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பார்த்து, மத்தியானம் முழுக்க அதை மறக்காமல் வைத்திருக்கிறார். ஒன்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அதை எந்த வாயால் சொல்வது?

"அந்த ஆள நாங்க பாத்துக்கிடுதோம்," என்றாள். இன்ஸ்பெக்டர் குரல் எங்கோ போய்விட்டது.

"பிடிச்சாச்சாம்மா?"

"இல்ல... தேடுதோம்."

"அப்ப இன்னும் வெளியதான் சுத்துதான்." அவர் மூச்சு வேகமாகக் கேட்டது. "அந்தப் பய திரும்ப வருவாம்மா. எத்தன கேஸ் பாத்திருக்கேன். பொம்பளைய ஒருக்க அடிச்சவன் மறுபடி வருவான்."

"சுடலைக்கண்ணு, இது உத்தரவு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் அழுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"சர்வீஸ்ல மேலதிகாரி பேச்ச நான் ஒருநாளும் தட்டுனதில்லம்மா. பெத்த தாய் செத்தப்பக் கூட டூட்டிய முடிச்சிட்டுத்தான் வந்தேன். இந்த ஒரு தடவ மன்னிச்சிருங்க. சஸ்பெண்ட் பண்ணினாலும் சரி, தொப்பியக் கழட்டினாலும் சரி. அவளத் தனியா விட்டுட்டு என்னால வர முடியாது. இனிமே யாரும் எனக்குப் போன் பண்ண வேண்டாம்."

போனை வைத்துவிட்டார்.

உள்ளே தடதடவென்று சத்தம் கேட்டது. லத்தியைத் தேடியிருப்பார். கிடைக்கவில்லை. அடுப்படி வழியாகப் பின்வாசலுக்கு வந்தார், கையில் ஒட்டடைக் கம்போடு. கல்லில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"இங்கனதான் இருக்கியா சித்ரா," என்றார்.

அவர் வாயில் அவள் பேர் வந்து எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. இன்றைக்கு வந்து தொலைத்தது.

"பயப்படாதட்டி. நான் எங்கயும் போகல." அவர் வாசல்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கம்பை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் பார்த்தார். எவன் வந்தாலும் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

வாசலில் ஹாரன் அடித்தது. இசக்கிமணி அடுப்படிக்குள் ஓடி வந்தான். "எம்மா, டிரைவர் கத்துதான். எனக்கும் ரயிலுக்கு நேரமாச்சு. அப்பா எங்க?" என்றவன், படியில் உட்கார்ந்திருந்தவரையும் கம்பையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிய சுடலைக்கண்ணு, மகனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கம்பை இறுக்கிப் பிடித்தார்.

"யாருலே நீ? இவளுக்கு நீ யாரு?"

"நம்ம மகன்தாங்க. சாப்பிட வாங்க, மாத்திரை போடணும்," என்றாள் ஜெயசித்ரா அவசரமாக.

"டூட்டில இருக்கேன். நீ பேசாம இரு."

சோறு ஆறிக் கிடந்தது. மாத்திரை கிடந்தது. மகன் படிக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம், நடுவில் ஒட்டடைக் கம்போடு அவர். இன்ஸ்பெக்டரைத் தவிர ஜெயசித்ராவுக்கு வேறு வழி தெரியவில்லை. கையில் இருந்த போனை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு அந்த நம்பரையே மறுபடி அழுத்தினாள்.

கூடத்தில் பட்டன் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"அது அடிக்கும்," என்றார் சுடலைக்கண்ணு, மகன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல். "நீ போயி எடுக்காத."